கார்க் கூரையில் கிளியர் உரிகிறது: பெயின்ட் அடிப்பதா, ஸ்டிக்கர் ஒட்டுவதா?

மரைன் டிரைவ் வாசி:
வெள்ளவத்தையில், கடலுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறோம். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இடம் கிடைக்காததால், என் 2014 ஆம் ஆண்டு முத்து வெள்ளைக் கார் பத்து வருடமாகப் பக்கத்து வீட்டு மாமரத்தின் கீழே நிற்கிறது. காலையில் கண்ணாடியில் விரல் வைத்தால் பிசுபிசுக்கும். ஒருநாள் மகன் அந்த விரலை நக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, உப்பு" என்றான்.

இப்போது முன் கண்ணாடிக்கு மேலே, கூரையின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கிளியர் (நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) போய்விட்டது. நகத்தால் நெம்பினால் உள்ளித்தோல் மாதிரி எழும்பி வருகிறது. பொனட்டிலும் காக்கை எச்சத்தின் தழும்புகள். மற்றப் பக்கங்கள் பரவாயில்லை.

கராஜ்காரர் முழுக் காருக்கும் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார். ஸ்டிக்கர் கடைக்காரர், கறுப்பு வினைல் ஒட்டினால் எல்லாம் மறைந்துவிடும் என்கிறார். மைத்துனரோ, நிறமில்லாத ஃபிலிம்தான் இப்போது எல்லோரும் ஒட்டுகிறார்கள் என்கிறார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது இரண்டு வருடம் பொறுப்போம் என்று இருந்தேன். 2025 பெப்ரவரியில் திறந்த பிறகு விலையைக் கேட்டுவிட்டு, சாகும்வரை இதையே ஓட்டுவது என்று முடிவெடுத்துவிட்டேன். சாவது நானா காரா என்பது தெரியாது.

கொட்டாஞ்சேனை பெயின்டர்:
தம்பி, வினைல் தாளின் கனம் ஏறக்குறைய மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குதான். அடியில் இருக்கும் மேடுபள்ளம் அப்படியே மேலே தெரியும். அதைவிட, தாளின் பசை காரைப் பிடிக்காது, உரிகிற கிளியரைத்தான் பிடிக்கும். கழற்றும் நாளில் இரண்டும் சேர்ந்தே வரும்.

நான் பெயின்ட் அடித்துப் பிழைப்பவன். ஆனாலும் சொல்கிறேன், கதவுகளைத் தொடவிடாதீர்கள். தொழிற்சாலையில் காரின் வெறும் உடம்பை 140 பாகை அளவில் சூடாக்கிப் பெயின்டை இறுக்குகிறார்கள். வயரும் இருக்கையும் பிளாஸ்டிக்கும் உள்ளே இருக்கும் காரை நாங்கள் 60 பாகை அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நல்ல பெயின்டைச் சுரண்டிவிட்டு அதைவிடக் குறைந்ததை ஏன் அடிப்பது?

கூரையும் பொனட்டும் போதும். முத்து வெள்ளை மூன்று படை: வெள்ளை, அதன் மேல் முத்துத்தூள் கலந்த பூச்சு, பிறகு கிளியர். நடுப்படையை ஒரு கை கூட அடித்தாலே நிறம் மாறிவிடும். அதனால் முதலில் ஒரு மாதிரித் தகட்டில் அடித்து, காருக்குப் பக்கத்தில் வெயிலில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். டியூப் லைட்டின் கீழே எல்லா வெள்ளையும் ஒன்றுதான். பழசும் புதுசும் சேரும் இடம் தெரியாமல் இருக்க, இரண்டு பக்க மட்காட்டிலும் நிறத்தைக் கொஞ்சம் கரைத்துவிட வேண்டி வரும்; அதற்கு மறுக்காதீர்கள்.

இன்னொன்று. கூரையோர ரப்பர்ப் பட்டிகளைக் கழற்றிவிட்டு அடிக்கிறார்களா என்று நின்று பாருங்கள். டேப்பால் மறைத்து அடித்தால், அடுத்த உரிதல் அந்தக் கோட்டில்தான் தொடங்கும்.

தெஹிவளை–மாத்தறை:
உங்கள் மைத்துனர் சொல்வது பாலியூரித்தேன் ஃபிலிம். வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகொப்டர் விசிறிகளை மணலும் கல்லும் தின்னாமல் காக்க வந்த சாமான். வினைலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிப்பு. வாராவாரம் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஓடுவதால், கல்லடிக்குப் பயந்து பம்பருக்கும் பொனட்டுக்கும் ஒட்டியிருக்கிறேன். அதற்கு நன்றாகவே வேலை செய்கிறது. மரத்தடியில் நிற்கும் காருக்கு இவ்வளவு செலவு தேவையா என்பது வேறு கேள்வி.

ஒட்டுவதென்றால் புதுப் பெயின்ட் அடித்த கையோடு ஒட்டாதீர்கள். கரைப்பான் முழுதாக வெளியேறாவிட்டால் தாளின் கீழே குமிழ் எழும்பும். ஒரு மாதமாவது விடுங்கள். எப்படி வெட்டுவார்கள் என்றும் கேளுங்கள். என் முதல் ஃபிலிமைக் காரின் மேலேயே வைத்துக் கத்தியால் வெட்டியிருக்கிறார்கள். கழற்றியபோது பொனட் ஓரம் முழுக்க மயிரிழைக் கோடு. விரலுக்குத் தட்டுப்படாது, வெயிலில் மட்டும் தெரியும். இன்றும் காரைக் கழுவும்போதெல்லாம் அதைப் பார்த்து வயிறெரிகிறேன்.

நாரஹேன்பிட்டி நடைபாதை:
கறுப்பு வினைல் பற்றி ஒரு வார்த்தை. பதிவுச் சான்றிதழில் காரின் நிறமும் எழுதியிருக்கிறது. வெள்ளை என்று எழுதிய காரைக் கறுப்பாக ஓட்டுவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

மரைன் டிரைவ் வாசி:
ஸ்டிக்கரை விட்டுவிட்டேன். பெயின்டர் அண்ணா சொன்ன ரப்பர்ப் பட்டியை இன்று மெதுவாக நெம்பிப் பார்த்தேன். உள்ளே ஈர மணல், மாம்பூ, அதன் கீழே மிளகளவில் நான்கு பழுப்புப் புள்ளிகள். இது துருவா, கறையா?

கொட்டாஞ்சேனை பெயின்டர்:
நகத்தால் சுரண்டுங்கள். சொரசொரத்தால் துரு. அப்படியானால் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, எபொக்சி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) வைத்த பிறகுதான் மற்ற எல்லாம். படத்தைப் போடுங்கள். பட்டியைத் திரும்பப் போடாதீர்கள், அது காயட்டும்.