தேரடித் தெரு குடும்பங்கள் குழு: மீனாவின் அப்பாவைத் தேடியபோது

வியாழன்

மீனா (காலை 7:42)
எல்லோரும் கொஞ்சம் பாருங்கள். அப்பாவைக் காணவில்லை. நான் பால் வாங்கிவிட்டு வருவதற்குள் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே போயிருக்கிறார். வயது 74. வெள்ளை வேட்டி, நீலக் கட்டம் போட்ட சட்டை, காலில் செருப்பு இல்லை. மறதி நோய் உங்களுக்கெல்லாம் தெரியும். பெயர் கேட்டால் சில நேரம் சொல்வார், சில நேரம் சொல்ல மாட்டார். போட்டோ கீழே போட்டிருக்கிறேன்.

டீக்கடை ராஜா (7:45)
ஆறரை மணி போல கடையைத் தாண்டிப் போனார் மீனா. "எங்கே ஐயா"ன்னு கேட்டேன், கையை ஆட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துவிட்டார். கடைப் பையனை இப்போதே அங்கே அனுப்பிவிட்டேன்.

பாலு (7:46)
அக்கா, நான் வண்டியை எடுத்துவிட்டேன். பெருமாள் கோயில், குளத்தங்கரை, ரேஷன் கடை எல்லாம் பார்த்துவிடுகிறேன்.

சண்முகம் ஐயா (7:58)
மீனா, நீ தேட வேண்டாம். தேட நாங்கள் இருக்கிறோம். நீ போட்டோவும் ஆதார் நகலும் எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போ. 112-க்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடு.

மீனா (10:20)
ஸ்டேஷனில் இருந்துதான் எழுதுகிறேன். எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறாராம். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர் என்ன சொல்கிறார் தெரியுமா? "வயசானவர்தானே, பசிச்சா வீட்டுக்கு வந்துடுவார். 24 மணி நேரம் பாருங்க, அப்புறம் வாங்க." பஸ் ஸ்டாண்டு அவர்கள் எல்லையில் வராதாம், அந்த ஸ்டேஷனுக்குப் போகச் சொல்கிறார். அங்கே போனால், வீடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கொடுக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவையாக இங்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

வக்கீல் கவிதா (10:26)
24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. எல்லைக் கதையும் எடுபடாது. 2024 ஜூலை 1-ஆம் தேதி வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். எடுக்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் இன்னும் கறார். கடத்தல் என்று எடுத்துக்கொண்டு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெரியவர்களுக்கும் நம் மாநிலத்தில் "ஆண் காணவில்லை" என்ற தலைப்பில் எஃப்.ஐ.ஆர். போடுவது வழக்கம்தான். போனை ரைட்டரிடம் கொடு, நான் பேசுகிறேன்.

மீனா (11:15)
அக்கா பேசின பிறகு மனுவை வாங்கினார்கள். மனு வாங்கியதற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்தான் தந்தார்கள். எஃப்.ஐ.ஆர். பற்றி எஸ்.ஐ. வந்தபிறகு பேசலாமாம்.

டீக்கடை ராஜா (11:18)
ரசீதை வைத்து என்ன செய்வது? வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த மனுஷன் காலில் செருப்புகூட இல்லை.

சண்முகம் ஐயா (11:40)
மீனா, நான் அதே டிபார்ட்மெண்டில் எஸ்.ஐ.யாக ரிட்டயர் ஆனவன். ஆள் பற்றாக்குறை உண்மை. மந்திரி வருகிறார் என்றால் பாதி ஸ்டேஷன் ரோட்டில்தான் நிற்கும். போன் டவர் பார்க்க வேண்டும் என்றால் ஸ்டேஷனில் இருந்து நேரடியாகக் கேட்க முடியாது, எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி வழியாகத்தான் கம்பெனிக்குப் போக வேண்டும். அதற்கு நேரம் ஆகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வயர்லெஸ் மைக்கில் சொல்ல ஆள் பலம் வேண்டாம். "74 வயது, நீலக் கட்டச் சட்டை, வெறும் கால், மறதி நோய்" என்று ரெண்டே நிமிஷம். அதைச் சொல்லிவிட்டால் பக்கத்து ஸ்டேஷன், ஹைவே ரோந்து வண்டி, ஜி.எச்.சில் இருக்கும் போலீஸ் அவுட்போஸ்ட் எல்லோர் காதிலும் விழுந்துவிடும். சொன்னார்களா என்று கேள்.

மீனா (11:52)
கேட்டேன் ஐயா. "சொல்லிக்கலாம் போங்க" என்கிறார்.

பாலு (பிற்பகல் 1:05)
பஸ் ஸ்டாண்டு வாசல் மெடிக்கல் கடை கேமராவில் பார்த்தாகிவிட்டது. 6:51-க்கு வெளியூர் போகும் பஸ் நிற்கும் பக்கம் தாத்தா போகிறார். எந்த பஸ் என்று தெரியவில்லை. ஸ்டாண்டுக்கு உள்ளே இருக்கும் கேமராவைப் பார்க்க போலீஸ் லெட்டர் வேண்டும் என்கிறார்கள் டைம் கீப்பர் ஆபீசில்.

மீனா (1:10)
லெட்டர் கேட்டேன். எஸ்.ஐ. வரட்டும் என்கிறார்கள்.

செல்வி அக்கா (1:34)
மீனா, அங்கேயே உட்கார்ந்திரு, எழுந்து வந்துவிடாதே. இதை எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். என் தம்பியைக் காணோம் என்று போனபோது முதலில் கேட்டது "குடிப்பானா, கடன் இருக்கா, வீட்டில சண்டையா?" என்றுதான். லாரி கிளீனர் வேலை, கடைசியாக எந்த ஷெட்டில் இறங்கினான் என்று கையோடு எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதைப் படிக்கவே இல்லை. "எங்காவது போயிருப்பான், வருவான்" என்றார்கள். அந்த ஷெட்டுக்குப் போய் விசாரிக்கச் சொன்னால் வண்டிக்கு டீசல் போட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். போட்டுக்கொடுத்தோம். போய்விட்டு வந்து ஒன்றும் இல்லை என்றார்கள். ஷெட் கேமராவில் பழைய பதிவு அழிந்துவிட்டதாம். முதல் நாளே போயிருந்தால் இருந்திருக்கும் அல்லவா?

செல்வி அக்கா (1:41)
இன்னும் அவன் வரவில்லை. விசாரணை அதிகாரி (ஐ.ஓ.) மாறிக்கொண்டே இருக்கிறார். புதிதாக வருகிறவர் ஒவ்வொருவரும் "ஒரு போட்டோ கொண்டு வாங்க" என்கிறார். பழைய போட்டோ எல்லாம் எங்கே போயிற்று? எங்காவது அடையாளம் தெரியாத பிணம் கிடைத்தால் மட்டும் போன் வரும், வந்து முகம் பாருங்கள் என்று. மார்ச்சுவரி வாசலில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே போவேன். அம்மா என் கையைப் பிடித்து மெதுவாக, "அவன் இல்லைன்னு சொல்லிடு" என்பாள். அம்மாவின் ரத்த மாதிரியை எடுத்து டி.என்.ஏ. பார்த்து வையுங்கள், ஒவ்வொரு முறையும் அலைய வேண்டாம் என்று மனு கொடுத்தோம். பதில் இல்லை.

வக்கீல் கவிதா (1:55)
செல்வி அக்கா, இதை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை? விசாரணையை சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றச் சொல்லி ஹைகோர்ட்டில் கேட்கலாம். ஆட்கொணர்வு மனு என்றால், யாரோ சட்டவிரோதமாகப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கக் காரணம் காட்ட வேண்டும். காரணம் இருந்தால் அது பெரிய ஆயுதம். விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமம் ஞாபகம் இருக்கிறதா? அங்கே சேர்த்த பெரியவரைப் பார்க்கப் போனால் ஆளைக் காணவில்லை, பெங்களூருக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் 2023 பிப்ரவரியில் உள்ளே போய்ச் சோதனை போட்டார்கள். ஒருவரைத் தேடிப் போன இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள்.

தமிழாசிரியர் (2:20)
டெல்லி பக்கத்தில் நொய்டாவில் நடந்த நிட்டாரி கொலைகளும் இப்படித்தான். பிள்ளைகளைக் காணோம் என்று ஏழைப் பெற்றோர் ஸ்டேஷன் ஸ்டேஷனாக நடந்தார்கள், ஓடிப் போயிருக்கும் என்று விரட்டினார்கள். 2006 டிசம்பரில் ஒரு வீட்டுக்குப் பின்னால் சாக்கடையில் எலும்புகள் கிடைத்தன. கடைசியில், 2025 நவம்பரில் தண்டனை பெற்றிருந்தவருக்கு மிச்சம் இருந்த ஒரே வழக்கிலும் உச்ச நீதிமன்றம் விடுதலை கொடுத்துவிட்டது. அத்தனை குழந்தைகளையும் கொன்றது யார் என்று சொல்லி இன்றுவரை நிலைத்து நிற்கிற தீர்ப்பு எதுவும் இல்லை. முதல் நாள் வாங்காத புகாரை இருபது வருஷம் கழித்து எந்தக் கோர்ட்டும் சரிசெய்ய முடியாது.

மீனா (இரவு 9:30)
எஸ்.ஐ. எட்டு மணிக்கு வந்தார். நல்லபடியாகத்தான் பேசினார். காலையில் பார்க்கலாம் என்றார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

வெள்ளி

பாத்திமா (காலை 9:12)
மீனா போனை எடு!! என் நாத்தனார் பக்கத்து மாவட்ட ஜி.எச்.சில் ஸ்டாப் நர்ஸ். நேற்று ராத்திரி உன் அப்பா போட்டோவை அவளுக்கு அனுப்பியிருந்தேன். இப்போது டியூட்டிக்குப் போய் வார்டில் பார்த்திருக்கிறாள். அவர்தான். உயிரோடு இருக்கிறார், பேசுகிறார்.

பாத்திமா (9:15)
ரோட்டோரம் மயங்கிக் கிடந்தவரை நேற்று மதியம் 108 கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. முழங்காலில் அடி, உள்ளங்கால் இரண்டும் கொப்புளம். குளுக்கோஸ் ஏறுகிறது. கேஸ் ஷீட்டில் "பெயர் தெரியாத ஆண், சுமார் 70" என்று எழுதியிருக்கிறதாம்.

டீக்கடை ராஜா (9:16)
முருகா! மீனா, வாசலுக்கு வா, காரைச் சொல்லிவிட்டேன்.

சண்முகம் ஐயா (9:24)
பாத்திமா, நாத்தனாரிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லம்மா. ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல், அந்த ஏ.ஆர். காப்பி போலீசுக்குப் போயிற்றா?

பாத்திமா (9:40)
நேற்றே அவுட்போஸ்டுக்குக் கொடுத்துவிட்டார்களாம் ஐயா. கையெழுத்துகூட இருக்கிறதாம்.

சண்முகம் ஐயா (9:47)
அப்படியென்றால் நேற்று மதியத்தில் இருந்து அந்த ஊர் போலீசிடம் "பெயர் தெரியாத ஆண்" என்று ஒரு காகிதம் இருக்கிறது, நம் ஸ்டேஷனில் "74 வயது ஆண் காணவில்லை" என்று ஒரு காகிதம் இருக்கிறது. இரண்டும் ஒரே டிபார்ட்மெண்ட். ஒரு மைக் செய்தி போயிருந்தால் நேற்று சாயங்காலமே மீனா அப்பா பக்கத்தில் இருந்திருப்பாள். எனக்கு வயிறு எரிகிறது.

மீனா (பிற்பகல் 3:10)
அப்பாவோடு இருக்கிறேன். என்னைப் பார்த்ததும் "சாப்பிட்டியா" என்று கேட்டார். எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ஸ்டேஷனில் இருந்து போன் வந்தது. ஆள் கிடைத்துவிட்டாராமே, வந்து "புகார் மீது மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள்.

ஜவுளிக்கடை அண்ணாச்சி (3:22)
கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிடும்மா. ஐயா நல்லபடியாகக் கிடைத்துவிட்டார். நாளைக்கு அதே ஸ்டேஷனுக்குத்தானே எல்லாவற்றுக்கும் போக வேண்டும். போலீஸோடு எதற்கு வம்பு?

செல்வி அக்கா (3:30)
அண்ணாச்சி, இப்படி ஒவ்வொரு வீடும் வாயை மூடிக்கொண்டதால்தான் என் தம்பி ஃபைல் அலமாரியில் கிடக்கிறது.

வக்கீல் கவிதா (3:41)
மீனா, எழுதிக்கொடு. ஆனால் அவர்கள் சொல்கிற வாசகம் வேண்டாம். "என் தந்தை இன்ன மருத்துவமனையில், இன்னார் மூலம், இந்த நேரத்தில் கிடைத்தார்" என்று மட்டும் எழுதி நகலில் சீல் வாங்கிக்கொள். அந்தக் கேஸ் ஷீட்டையும் ஏ.ஆர். காப்பியையும் போட்டோ எடுத்து வை, நாம் கேட்கப்போகிற கேள்விக்கு அவைதான் ஆதாரம். புதன்கிழமை எஸ்.பி. ஆபீசில் குறைதீர் நாள். மனுவை நான் தட்டச்சு செய்கிறேன். மனு வாங்க ஏன் அத்தனை நேரம், மைக்கில் எப்போது சொன்னார்கள், கேமராவுக்கு லெட்டர் ஏன் தரவில்லை என்று தேதி, நேரத்தோடு கேட்போம். செல்வி அக்கா, உங்கள் தம்பிக்குத் தனி மனு. பழைய ரசீது, அம்மாவின் டி.என்.ஏ. கேட்ட மனுவின் நகல், ஐ.ஓ. மாறின விவரம் எல்லாம் வேண்டும்.

மீனா (3:50)
நான் வருகிறேன் அக்கா. எனக்கு முன்னால் செல்வி அக்கா மனுவைக் கொடுக்கட்டும்.

சண்முகம் ஐயா (3:52)
நானும் வருகிறேன். என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

செல்வி அக்கா (4:05)
ரசீது எல்லாம் இரும்புப் பெட்டியில் இருக்கிறது கவிதா. சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறேன்.

ஜவுளிக்கடை அண்ணாச்சி (4:20)
சரி, எத்தனை பேர் என்று சொல்லுங்கள். புதன்கிழமை காலை வேன் என் பொறுப்பு.