ஆங்கில வீட்டுப்பாடம்: பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள்?

பத்தியைப் படித்து விடை எழுதும் பயிற்சியில் பத்தி புரியாமல் மார்க் போவது குறைவு. கேள்வியைப் பதிலாகத் திருப்பும் இடத்தில்தான் போகிறது. 'ஒய் டிட் ரவி கோ ஹோம்?' என்று கேட்டால் 'ரவி கோ ஹோம் பிகாஸ்' என்பான் ஒருவன், 'ரவி டிட் வென்ட்' என்பான் இன்னொருவன். கேள்வியில் இறந்தகாலத்தை 'டிட்' வைத்திருப்பதால்தான் 'கோ' மாறாமல் நிற்கிறது. 'டிட்' போனால் காலம் வினைக்கு வந்தாக வேண்டும்: 'வென்ட்'. பென்சிலால் 'டிட்'டை அடித்த கையோடு வினையின் மேல் இரண்டாம் வடிவத்தை எழுத வையுங்கள். 'டஸ்' என்றால் வினையோடு 'எஸ்' சேரும்: 'ஷி லைக்ஸ்'.

*

இதோடு இன்னொன்று. கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறதோ, அந்த வரியை அப்படியே இறக்கிவிடுவார்கள். பதில் பல நேரம் அடுத்த வரியில் இருக்கும். அங்கே பெயருக்குப் பதில் 'இட்', 'தே' என்று வருவதால் கண்ணில் படாது. படிக்கும்போதே ஒவ்வொரு 'இட்'டின் மேலும் அது எதைக் குறிக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். கைடைப் பார்த்து எழுதிப் பழகிய பிள்ளைக்கு முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும், விடாதீர்கள்.

*

பாஸிவ் வாய்ஸுக்கு (செயப்பாட்டு வினைக்கு) நம் தமிழ் இலக்கணமே கை கொடுக்கும். வினையிடம் 'எதை? யாரை?' என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் ('ஸ்லீப்', 'அரைவ்') மாற்றவே முடியாது. பதில் வந்தால் அதுதான் புது எழுவாய். 'தி பாய்ஸ் புரோக் தி விண்டோ'வில் உடைந்தது ஒரு ஜன்னல், ஆகவே 'வாஸ் புரோக்கன்'. பழைய எழுவாயான 'பாய்ஸ்' கண்ணிலேயே நிற்பதால் 'வேர்' என்று எழுதிவிடுகிறார்கள். பழைய எழுவாயை விரலால் மறைத்துக்கொண்டு எழுதச் சொன்னால் இந்தத் தப்பு குறையும். 'இஸ் ரைட்டிங்' மாதிரி வந்தால் 'இஸ் பீயிங் ரிட்டன்' என்று மாற்றுவதில் 'பீயிங்' விட்டுப்போகும், அதைத் தனியாகப் பாருங்கள்.

*

'ஏ'யா 'ஆன்'னா என்று குழம்பினால் சொல்லைத் தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்லலாம். 'அவர்' (மணி நேரம்), 'ஆனஸ்ட்', 'எம்.எல்.ஏ.' எல்லாம் உயிரெழுத்தில் தொடங்குகின்றன, 'ஆன்' போடலாம். 'யுனிவர்சிட்டி' அப்படி இல்லை, 'ஏ'தான். ஆனால் நம் உச்சரிப்பு சில இடத்தில் காலை வாரிவிடும். 'வன் ருபீ' என்பதை 'ஒன்' என்கிறோம், 'யெல்லோ'வை 'எல்லோ' என்கிறோம், இரண்டுக்கும் 'ஏ'தான். முட்டையை 'யெக்' என்று சொல்லும் பிள்ளை 'ஏ யெக்' என்றே எழுதும். அங்கே விதியைத் திரும்பச் சொல்லிப் பயனில்லை, முதலில் உச்சரிப்பைத் திருத்துங்கள்.