7 கிலோவுக்குள் நான்கு மாதப் பயணம்: எந்த முதுகுப் பை வாங்குவது?

உறையூர்ப்பெண்

வணக்கம். அக்டோபர் கடைசியில் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் கிளம்புகிறேன். அப்புறம் பினாங்கு, தாய்லாந்து, டிசம்பரில் பாலி, ஜனவரியில் வியட்நாம். மொத்தம் நான்கு மாதம். ஆன்லைனில் ஒரு படிப்பு ஓடிக்கொண்டிருப்பதால் லேப்டாப் கூடவே வந்தாக வேண்டும். கவுன்டரில் கொடுத்து அனுப்பும் செக்-இன் பை எதுவும் போடாமல், கையில் கொண்டுபோகும் ஒரே பையோடு முடித்துவிட ஆசை.

இப்போது இருப்பது அண்ணன் மலையேற வாங்கிய 60 லிட்டர் பை. எல்லாவற்றையும் அடுக்கித் தெருமுனை மளிகைக்கடைத் தராசில் தூக்கி வைத்தேன். 11.4 கிலோ காட்டியது. கடை அண்ணாச்சி "அரிசியா பாப்பா, எந்த ஊருக்கு?" என்று கேட்டார்.

பிரித்துப் பார்த்த கணக்கு இது. காலிப் பை 2.1. லேப்டாப், சார்ஜர்கள், பவர் பேங்க் எல்லாம் சேர்த்து 2.3. துணி 3.2 (ஜீன்ஸ் இரண்டு உட்பட). டர்க்கி டவல் 0.5. ஷூ 0.8. சோப்பு, ஷாம்பு, மருந்து 1.0. அம்மா கட்டிக்கொடுத்த பொடி, ஊறுகாய் 1.5.

கேள்வி: 35 லிட்டர் வாங்கவா, 40 வாங்கவா? பட்ஜெட் எட்டாயிரம். இன்னொன்று, என் உயரம் 155 செ.மீ. அண்ணன் பையை மாட்டினால் இடுப்பு பெல்ட் இடுப்பில் நிற்காமல் கீழே இறங்கிவிடுகிறது. அரை மணி நேரத்தில் தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருக்கிறது.

சுமைதாங்கி

லிட்டர் கணக்கெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் கிலோ.

உங்கள் வழியில் ஏர்ஏசியா, வியட்ஜெட் என்ற மலிவு விமானங்கள் வராமல் போகாது. இரண்டிலும் சாதா டிக்கெட்டுக்குக் கைப்பை 7 கிலோதான். ஏர்ஏசியாவில் பெரிய பை ஒன்று, சின்னப் பை ஒன்று அனுமதி. ஆனால் இரண்டும் *சேர்த்துத்தான்* 7 கிலோ. பெரிய பை 56 × 36 × 23 செ.மீ. அளவுக்குள் இருக்க வேண்டும். ஸ்கூட் விமானத்தில் 10 கிலோ வரை விடுவார்கள், அளவு 54 × 38 × 23. ஒரே பயணத்தில் பல விமானங்கள் என்றால் இருப்பதிலேயே கெடுபிடியான விதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். டிக்கெட் போடும் அன்று விதியை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது மாற்றுகிறார்கள்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். 7 கிலோவில் பை 2.1, மின்சாமான் 2.3 போனால் மிச்சம் 2.6. அதற்குள் துணி, செருப்பு, மருந்து எல்லாம். நடக்கிற காரியமா? ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது காலிப் பை எத்தனை கிலோ என்பதைத்தான். 1.2 கிலோவுக்கு மேல் போகாமல் பாருங்கள். 60 லிட்டர் பையை எவ்வளவு அமுக்கினாலும் உயரம் குறையாது, முதுகுப் பக்கக் கம்பி விடாது. விமானம் ஏறும் வாசலில் பையின் அளவு பார்க்க வைத்திருக்கும் இரும்புச் சட்டத்துக்குள் நுழையாது.

லிட்டருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 40-க்கு மேல் வேண்டவே வேண்டாம். உங்களுக்கு 35 தாராளம். இடம் இருந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது திணித்துவிடுவோம்.

ஐந்தடி ஒன்று

தோழி, நானும் உங்கள் உயரம்தான், பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். உங்கள் தோள்வலிக்குக் காரணம் எடை மட்டும் இல்லை. பையின் முதுகு நீளம் உங்களுக்குப் பொருந்தவில்லை.

தலையைக் குனிந்தால் கழுத்துக்குக் கீழே ஓர் எலும்பு துருத்தும். அங்கிருந்து ஆரம்பியுங்கள். இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்தால் கட்டைவிரல்கள் முதுகில் ஒரு கோட்டைக் காட்டும். எலும்பிலிருந்து அந்தக் கோடு வரை தையல் டேப்பால் அம்மாவை அளக்கச் சொல்லுங்கள். உயரம் அல்ல, அந்த நீளம்தான் பைக்கு முக்கியம். ஆண்களுக்கான நடுத்தர, பெரிய அளவுப் பைகள் பலவற்றில் அது நமக்கு நீளமாகத்தான் இருக்கும். பெல்ட் இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்தால்தான் பாரம் காலுக்கு இறங்கும். இல்லாவிட்டால் மொத்தமும் தோளில்தான் தொங்கும்.

ஆஸ்ப்ரே கம்பெனியின் ஃபேர்வியூ 40 பெண்களின் உடல்வாகுக்கென்றே செய்தது. தோள்பட்டையும் பெல்ட்டும் உள்ளே மடிந்து ஜிப்புக்குள் மறைந்துவிடும். பை அருமைதான். ஆனால் காலி எடையே ஒன்றரைக் கிலோவைத் தாண்டும், விலையும் கையைக் கடிக்கும். உங்கள் பட்ஜெட்டுக்கு டெக்கத்லான் கடையில் ஃபோர்க்ளாஸ் வரிசையைப் பாருங்கள். சூட்கேஸ் மாதிரி முழுசாகத் திறக்கும் பயணப் பைகள் அதில் உண்டு. போகும்போது உங்கள் சாமானையும் ஒரு கட்டைப்பையில் எடுத்துப் போங்கள். அதைப் பைக்குள் போட்டு மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நடங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். காலிப் பையை மாட்டிப் பார்த்தால் எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும்.

தஞ்சை மாப்பிள்ளை

எல்லாரும் ஏன் இந்த 7 கிலோவைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று புரியவில்லை. நான்கு மாதத்தில் விமானம் ஏறப்போவது நாலைந்து தடவை. மற்றதெல்லாம் பஸ், ரயில், படகு. விமானத்துக்கு மட்டும் 20 கிலோ செக்-இன்னை ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். கவுன்டரில் போய்க் கேட்டால்தான் தீட்டிவிடுவார்கள். நல்ல கனமான பெல்ட் உள்ள பையாக வாங்கலாம், ஷூவையும் விட வேண்டாம், கத்தரிக்கோல் கூடக் கொண்டு போகலாம். பவர் பேங்க்கை மட்டும் செக்-இன்னில் போடாதீர்கள், அது கையோடுதான் வர வேண்டும்.

சுமைதாங்கி

மாப்பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. பணக் கணக்கு மட்டும் பார்த்தால் அவர் வழியே சரியாகக்கூட வரலாம். ஆனால் விமானத்தில் போட்டுவிட்டாலும் மற்ற நேரமெல்லாம் அந்தப் 11 கிலோவைச் சுமக்கப்போவது உறையூர்ப்பெண்தானே? ஓட்டல் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. தாய்லாந்துத் தீவுகளில் சில இடங்களில் படகு கரைவரை வராது, முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். அங்கே தெரியும் எடையின் அருமை.

பினாங்குக்காரன்

வணக்கம், மலேசியாவிலிருந்து ஒரு தகவல். கோலாலம்பூரில் ஏர்ஏசியா புறப்படும் இரண்டாம் முனையத்தில் தராசோடு ஆட்கள் நிற்பது சகஜம். எல்லா நாளும் எல்லாரையும் நிறுத்த மாட்டார்கள். ஆனால் முதுகில் பை புடைத்துக்கொண்டு தெரிந்தால் நீங்கள்தான் முதல் ஆள். பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் பட்டை உள்ள பையாக வாங்கி, இறுக்கிக் கட்டி ஒல்லியாக்கிக்கொண்டு வாருங்கள். கனமான சட்டையை உடுத்திக்கொள்ளுங்கள், உடம்பில் இருப்பதை நிறுக்க மாட்டார்கள்.

சக்கரம் வைத்த பெட்டி எடுக்காதது நல்ல முடிவு. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் ஐந்தடி நடைபாதை ஒன்று ஓடும். கடைக்குக் கடை ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும், நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும், மீகோரெங் (வறுத்த நூடுல்ஸ்) வண்டி நிற்கும். பெட்டியை உருட்ட முடியாது, தூக்கித்தான் போக வேண்டும்.

துணிக்கும் கவலைப்படாதீர்கள். தெருவுக்குத் தெரு காசு போட்டால் இயந்திரம் ஓடும் டோபி கடை இருக்கிறது. துவைத்து உலர்த்தி எடுத்துக்கொண்டு போய்ப் பசியாறலாம். ஒரு வாரத்துக்கான துணி இருந்தால் போதும், நான்கு மாதமும் ஓடிவிடும்.

உறையூர்ப்பெண்

எல்லாருக்கும் நன்றி. அம்மா அளந்தார், முதுகு நீளம் 41 செ.மீ. வருகிறது. ஞாயிறு கடைக்குப் போகிறேன்.

இன்னும் சில சந்தேகம். மேலே மட்டும் திறக்கும் பை இலேசாக இருக்கிறது, முழுசாகத் திறக்கும் பை கொஞ்சம் கனம். எது மேல்? ஜிப் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது? ஜனவரியில் ஹனோய் குளிரும் என்கிறார்கள், ஸ்வெட்டரை எங்கே வைப்பது? ஊறுகாயை என்ன செய்வது? அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

சுமைதாங்கி

முழுசாகத் திறப்பதையே வாங்குங்கள். மேலே மட்டும் திறப்பது மலைக்குச் சரி. அங்கே இரவு ஒரு தடவை கூடாரத்தில் கொட்டிவிடுவோம். நீங்கள் எட்டுப் பேர் படுக்கும் அறையில் விளக்கணைத்த பிறகு அடியில் கிடக்கும் பனியனைத் தேடுவீர்கள். நூறு இருநூறு கிராம் கூடினாலும் பரவாயில்லை.

ஜிப்பைப் பார்க்க ஒரு வழி. பையை நிறையத் திணித்துவிட்டு மூலையில் வளையும் இடத்தில் ரன்னரை ஒற்றைக் கையால் இழுங்கள். அங்கே முரண்டு பிடித்தால் வேண்டாம். ரன்னரில் ஒய்கேகே (ஜிப் செய்யும் ஜப்பான் கம்பெனி) என்று பொறித்திருந்தால் பெரும்பாலும் நம்பலாம். தோள்பட்டை பையோடு சேரும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போட்டுத் தைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அறுந்தால் முதலில் அங்கேதான் அறுகிறது. ஜிப் போனால் பை தைக்கும் கடையில் மாற்றிவிடலாம், பட்டை பிய்ந்தால் நடுவழியில் திண்டாட்டம்.

பவர் பேங்க் 20,000 எம்ஏஎச் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது சுமார் 74 வாட்-அவர், 100 வரை அனுமதி என்பதால் விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் கனம். 10,000 போதும். விமானத்துக்குள் அதில் போனைச் சார்ஜ் போட நினைக்காதீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் அதைத் தடுத்துவிட்டது, வேறு நிறுவனங்களும் தடுத்திருக்கின்றன. லேப்டாப்புக்கும் போனுக்கும் தனித்தனிச் சார்ஜர் எதற்கு? டைப்-சி என்றால் 65 வாட் சார்ஜர் ஒன்றே இரண்டுக்கும் ஆகும்.

ஐந்தடி ஒன்று

டர்க்கி டவலை முதலில் தூக்கி எறியுங்கள். காயவே காயாது, பை முழுக்க நாறும். நம் ஈரிழைத் துண்டு ஒன்று எடுங்கள். கைக்குட்டை மாதிரி மடியும், மின்விசிறிக்குக் கீழே போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். கடையில் பயணத் துண்டு என்று விற்கிற வழவழ சமாச்சாரம் எனக்குப் பிடிப்பதில்லை, தண்ணீரைத் துடைக்காமல் தள்ளிக்கொண்டே போகும்.

ஜீன்ஸ் இரண்டும் வேண்டாம், ஒன்று கூட வேண்டாம். மெல்லிய பேன்ட் இரண்டு, மேல்சட்டை நாலைந்து போதும். வீட்டில் பழைய கைலி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பாலியில் கோயிலுக்குள் போக இடுப்பில் சுற்றுத்துணி கட்டியிருக்க வேண்டும். பஸ்ஸில் போர்வை, அறையில் திரை, எல்லாம் அதுதான்.

ஹனோய் ஜனவரியில் 15 டிகிரி வாக்கில் இருக்கும், மழைத்தூறல் வேறு. அதற்காக மூன்று மாதம் ஸ்வெட்டரைச் சுமக்காதீர்கள். அங்கே போய் வாங்கி, திரும்பும்போது மாட்டிக்கொண்டு ஏறுங்கள்.

பொடிக்கடை

அம்மா படிக்கிறார் என்பதால் மரியாதையாகவே சொல்கிறேன். அம்மா, மிளகாய் ஊறுகாயைக் கைப்பையில் விட மாட்டார்கள், பாதுகாப்புச் சோதனையிலேயே எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். நெய் திரவக் கணக்கில் வரும், 100 மி.லி. விதி அதற்கும் உண்டு. கொப்பரையும் கூடாது, எண்ணெய்ச் சத்து இருப்பதால் தீப்பிடிக்கும் பொருள் என்று வைத்திருக்கிறார்கள். மிளகாய்ப் பொடியும் மாட்டும். பருப்புப் பொடியிலும் மிளகாய் இருக்கிறதே என்று சோதிப்பவர் கிளறினால் பதில் சொல்ல வேண்டியது உங்கள் மகள்தான். புளியோதரைப் பொடி, ஊறுகாய் எல்லாம் பினாங்கு லிட்டில் இந்தியாவிலேயே கிடைக்கும். தாய்லாந்தில் காரத்துக்குப் பஞ்சமே கிடையாது. மகளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கடலை உருண்டையோ தட்டையோ கொடுங்கள். முதல் வாரத்துக்குள் தின்று தீர்த்துவிடுவார், எடையும் குறைந்துவிடும்.

உறையூர்ப்பெண்

பை வாங்கிவிட்டேன். 36 லிட்டர், முழுசாகத் திறக்கிறது, காலி எடை 1.2. கடையில் சாமானைப் போட்டு நடந்து பார்த்தேன். பெல்ட் சரியாக இடுப்பெலும்பில் உட்காருகிறது. லேப்டாப் முதுகை ஒட்டி நிற்கிற மாதிரி அறை இருக்கிறது, அதனால் பின்னால் இழுப்பது போலவும் இல்லை. பட்ஜெட்டுக்குள் முடிந்தது.

புதுக் கணக்கு: பை 1.2, மின்சாமான் 2.0, துணி 2.1, ஈரிழைத் துண்டு 0.15, செருப்பு 0.35 (ஷூ காலில்), சோப்பு மருந்து வகையறா 0.6, தின்பண்டம் 0.4. மொத்தம் 6.8. தின்பண்டத்தில் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. முறுக்கும் சேர்ந்துவிட்டது.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. இந்தப் பைக்கு மழை உறை தனியாக வாங்க வேண்டும், எண்ணூறு ரூபாய் சொல்கிறார்கள். பாலியில் டிசம்பர் மழைக்காலமாமே, வாங்கிவிடவா?

சுமைதாங்கி

வேண்டாம். மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போகும்போது உறை காற்றில் கிளம்பிவிடும். நடக்கும்போதும் முதுகுப் பக்கம் திறந்துதான் இருக்கும், அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். தடித்த பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை உள்ளே விரித்து, துணியை அதற்குள் அடுக்கி வாயை முறுக்கி மடித்துவிடுங்கள். லேப்டாப்புக்குத் தனியாக இன்னொன்று. கிழிந்தால் எந்த ஊரிலும் மாற்றிக்கொள்ளலாம்.

மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் துணிப்பை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் படுக்கை பஸ்ஸில் ஏறும்போது பெரிய பையைக் கீழே சாமான் அறையில் வாங்கிப் போட்டுவிடுவார்கள். லேப்டாப், பாஸ்போர்ட், தண்ணீர் பாட்டிலை மட்டும் துணிப்பையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறலாம்.

தஞ்சை மாப்பிள்ளை

6.8 என்பது மளிகைக்கடைத் தராசுக் கணக்கு. விமான நிலையத் தராசு நூறு கிராம் கூடக் காட்டினாலும் கரை ஏறிவிடலாம், முந்நூறு காட்டினால் முறுக்கு போச்சு. அந்தப் பொட்டலத்தை மட்டும் மேலாக வையுங்கள், வரிசையில் நிற்கும்போதே சாப்பிட்டுவிடலாம்.