பினாங்கில் தங்குவது ஜார்ஜ் டவுனிலா, பத்து பெரிங்கியிலா?

கோவைக்காரி:
டிசம்பரில் நான், கணவர், அம்மா மூவரும் மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போகிறோம். நான்கு இரவு. கடலோரம் என்று பத்து பெரிங்கியில் ஒரு ரிசார்ட் பார்த்து வைத்திருக்கிறேன். ஜார்ஜ் டவுனில் தங்கினால்தான் ஊரைப் பார்த்த மாதிரி என்கிறார் கணவர். அம்மாவுக்கு முழங்கால் வலி. சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

அலைமகன்:
யோசிக்கவே வேண்டாம், பத்து பெரிங்கிதான். நீச்சல்குளம், கடல்காற்று, ராத்திரி கடைத்தெரு. நாங்கள் போனபோது ஹோட்டலை விட்டு வெளியே வரவே மனசு வரவில்லை.

பட்டர்வொர்த் அக்கா:
ஹோட்டலுக்குள்ளேயே இருப்பதற்கு பினாங்கு எதற்கு தம்பி?

தங்கச்சி, நான் தீவுக்கு எதிரே பட்டர்வொர்த்தில் இருக்கும் அக்கரைக்காரி. ஃபெரி ஏறித்தான் டவுனுக்கு வேலைக்குப் போகிறேன். என் ஓட்டு உங்கள் கணவருக்கு. பத்து பெரிங்கியில் மணல் நன்றாக இருக்கும், தண்ணீர்தான் கலங்கல். மலாக்கா நீரிணை அப்படித்தான், ஜெல்லிமீன் தொல்லையும் உண்டு. டவுனிலிருந்து 101 பஸ் அங்கே நேராகப் போகிறது. ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும்.

ஆனால் டவுனில் அறை எடுக்கும்போது அம்மாவின் முழங்காலை மனதில் வையுங்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு பழைய கடைவீடுகள் பல ஹோட்டலாகிவிட்டன. படத்தில் கொள்ளை அழகு. உள்ளே போனால் செங்குத்தான மரப்படி, லிஃப்ட் கிடையாது. கீழ்த்தள அறை உண்டா என்று கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். கடை முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையும் சமமாக இருக்காது. ஒரு கடைத் தளம் ஏறும், அடுத்தது இறங்கும், நடுவில் மோட்டார் சைக்கிள், பூந்தொட்டி, சாமி மாடம் எல்லாம் இருக்கும். வெயிலுக்கு முன் ஒரு நடை, நாலு மணிக்கு மேல் ஒரு நடை, அதற்குமேல் அம்மாவை இழுக்காதீர்கள்.

நடக்க ஒரே ஒரு தெரு என்றால் பிட் ஸ்திரீட். 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், இந்திய முஸ்லிம்கள் 1801இல் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் அதன்மேல் வரிசையாக இருக்கின்றன. பக்கத்துக் குவீன் ஸ்திரீட்டில் 1833இல் வந்த மகாமாரியம்மன் கோயில். அப்படியே லிட்டில் இந்தியா, அங்கேதான் அம்மாவுக்குப் பசியாற இட்லி தோசை.

சாப்பாட்டில் கொஞ்சம் கவனம். "கோழி, மீன் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் சம்பலில், அதாவது மிளகாய்த் துவையலில், இருக்கும் பெலாச்சானை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். அது இறால் விழுது. ரோஜாக் பார்க்கப் பழக்கலவை மாதிரி இருக்கும், அதிலும் இறால் விழுதுதான். அசாம் லக்சா என்கிற புளிப்பு நூடுல்ஸ் சூப் முழுக்க மீன். சீனர்களின் சைவக் கடைகள் நிறைய உண்டு, முட்டையைப் பற்றி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பயமில்லாமல் கொடுக்கக்கூடியது செண்டோல்: தேங்காய்ப்பால், பனைவெல்லம், சிவப்பு பீன்ஸ், பச்சை நூடுல்ஸ் மாதிரி ஒன்று, மேலே ஐஸ்.

கணவரை நாசி கண்டாருக்கு, அதாவது குழம்புகள் கலந்த சோற்றுக்கு, அனுப்பிவிடுங்கள். கேம்பல் ஸ்திரீட்டில் ஹமீதியா 1907இலிருந்து இருக்கிறது. அங்கே ஒரே குழம்பு ஊற்றச் சொன்னால் ருசியே வராது. சோற்றை வைத்து, கோழி, மீன், மாடு என்று நாலைந்து சட்டியில் கரண்டியை விட்டு ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்றுவார்கள். சோறு மிதக்க வேண்டும். மாடு சாப்பிடமாட்டார் என்றால் கரண்டி போவதற்கு முன்பே சொல்லிவிடச் சொல்லுங்கள், அது எல்லாச் சட்டிக்கும் போய்வரும்.

கோவைக்காரி:
அக்கா, மிக்க நன்றி! ரிசார்ட்டை விட்டுவிட்டோம். இன்னும் இரண்டு கேள்வி. தண்ணீர்மலை முருகனைப் பார்க்க வேண்டும் என்கிறார் அம்மா, ஏறமுடியுமா? கொடிமலைக்கும் (பினாங்கு ஹில்) படி ஏறவேண்டுமா?

பட்டர்வொர்த் அக்கா:
தண்ணீர்மலைக்கு 513 படி, அம்மாவுக்கு வேண்டாம். அதே சாலையில் கீழேயே நாட்டுக்கோட்டை செட்டியார்களின் தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் வந்து நிற்கும் இடம். அங்கே ஏறும் வேலை இல்லை, நிதானமாகக் கும்பிடலாம்.

கொடிமலைக்கு ரயில். 1923இலிருந்து ஓடுகிறது. முன்பெல்லாம் பாதியில் இறங்கி மாறவேண்டும், 2011இல் புது ரயில் வந்தபிறகு ஒரே மூச்சில் மேலே. அங்கேயும் ஒரு முருகன் இருக்கிறார், அம்மாவுக்குச் சந்தோஷம். டிசம்பர் பள்ளி விடுமுறை, கூட்டம் பிய்த்துக்கொண்டு போகும். வாரநாளில், காலை முதல் ரயில்களிலேயே ஏறிவிடுங்கள்.

அலைமகன்:
அக்கா சொன்னால் சரி. ஆனால் செண்டோலுக்குப் பினாங்கு ரோட்டில் வரிசையில் நின்று வெயிலில் காய்ந்தோமே, அதைச் சொல்லவில்லையே!

பட்டர்வொர்த் அக்கா:
வரிசையில் நிற்பது சுற்றுலாக்காரர்கள். நாங்கள் எந்த ஒட்டுக்கடையிலும் குடிப்போம். அப்புறம் தங்கச்சி, ஒருநாள் ஃபெரியில் சும்மா இக்கரைக்கு வந்துவிட்டுப் போங்கள். இப்போது அதில் கார் ஏற்றுவதில்லை, ஆளும் மோட்டார் சைக்கிளும்தான். சாயங்காலம் டவுனிலிருந்து புறப்படும்போது நாங்கள் வேலை முடிந்து முண்டியடிப்போம், அம்மாவுக்கு உட்கார இடம் வேண்டுமென்றால் அதற்கு முன்பே ஏறிவிடுங்கள்.