டைப் சர்ட்டிஃபிகேஷன் வேலைல இருந்தவங்க அனுபவம் சொல்லுங்க

பெங்களூர்வாசி:

டைப் சர்ட்டிஃபிகேஷன்னா, ஒரு புது விமான டிசைன் பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துப்போகுதுன்னு அரசு அதிகாரசபைகிட்ட சான்று வாங்கறது. புது விமானம் பறந்துடுச்சு, டிவில காட்டிட்டாங்க, கை தட்டியாச்சு, அப்புறம் ஏன் இன்னும் டிக்கெட் விக்கலைன்னு சொந்தக்காரங்க கேக்கறதுக்கு பதில் சொல்லியே எனக்கு அலுத்துப்போச்சு. நான் இங்க ஒரு இன்ஜினியரிங் சர்வீஸ் கம்பெனில சர்ட்டிஃபிகேஷன் கோஆர்டினேஷன்ல இருந்தேன். வெளிநாட்டுல டிசைன் ஆகற விமானத்துக்கு இங்க உக்காந்து ரிப்போர்ட் எழுதறவங்க ஒரு பக்கம், அதைப் படிச்சு கையெழுத்து போடறவங்க ஒரு பக்கம், நடுவுல ஓடறது நான்.

இந்த வேலைல பாதி, எதையும் டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். எந்த விதிக்கு உட்பட்டு, எந்த வழில நிரூபிக்கப்போறோம்னு அதிகாரிகளோட உக்காந்து பேசி எழுத்துல வாங்கிக்கணும். அமெரிக்க விமான அதிகாரசபையான எஃப்ஏஏ இதை இஷ்யூ பேப்பர்னு சொல்லுவாங்க, அதுல முதல் பேப்பர் ஜி-1, எந்தெந்த விதி எந்தத் திருத்தம் வரைக்கும் பொருந்தும்னு அதுலதான் இருக்கும். ஐரோப்பிய அதிகாரசபையான ஈயாசாகாரங்க இதையே சிஆர்ஐம்பாங்க. நீங்க அப்ளை பண்ற தேதில எந்தத் திருத்தம் அமல்ல இருக்கோ அதுதான் உங்களுக்கு. பெரிய விமானத்துக்கு அந்த அப்ளிகேஷனுக்கு ஆயுசு 5 வருஷம், அதுக்குள்ள முடிக்கலைன்னா ஒண்ணு புதுசா அப்ளை பண்ணணும், இல்ல நீட்டிப்பு கேக்கணும், ரெண்டுலயும் புது விதிகள் வந்து தலைல உக்காரும்.

ஒரு மீட்டிங் இன்னும் ஞாபகம் இருக்கு. எங்க டீம் பெருமையா அனாலிசிஸ் ரிசல்ட் எல்லாம் கலர் கலரா ஸ்லைடு போட்டு கொண்டு போனாங்க, அதிகாரசபைலேர்ந்து வந்த வயசான இன்ஜினியர் ரெண்டாவது ஸ்லைடுலயே நிறுத்தி, ரிசல்ட் இருக்கட்டும்ப்பா, இந்த மெத்தட்டை நான் எப்ப ஒத்துக்கிட்டேன்னு கேட்டார். யாருகிட்டயும் பதில் இல்ல. அன்னிக்கு மீட்டிங் அதோட முடிஞ்சது, மறுபடி மெத்தட்டுக்கு மட்டும் தனியா ஒரு பேப்பர் எழுதி அதுக்கு சம்மதம் வாங்கினப்பறம்தான் அதே ஸ்லைடை திருப்பிப் போட முடிஞ்சது, ஒரு நம்பர்கூட மாறலை.

இதோட பெரிய சைஸ் பாக்கணும்னா ஜப்பானோட மிட்சுபிஷி எம்ஆர்ஜே பயணிகள் ஜெட், பின்னாடி ஸ்பேஸ்ஜெட்னு பேர் மாத்தினாங்களே அது. 2008ல ஆரம்பிச்சு 2015 நவம்பர் 11 அன்னிக்கு நகோயால முதல் தடவை பறந்தது, ஒய்எஸ்-11ங்கற பழைய விமானத்துக்கு அப்புறம் ஜப்பான் சொந்தமா பண்ணின பயணிகள் விமானம்னு நாடே கொண்டாடிச்சு. அமெரிக்கால மோசஸ் லேக்குக்கு கொண்டு போய் டெஸ்ட் ஃப்ளைட்டும் ஒழுங்காதான் போச்சு. 2017 ஜனவரில பாத்தா, எலக்ட்ரானிக்ஸ் பெட்டிகள் இருக்கிற ஏவியானிக்ஸ் பே இடத்தை மாத்தணும், ஒயரிங் பூரா வேற பாதைல கொண்டு போகணும்னு அறிவிப்பு. உள்ள குண்டு வெடிச்சாலோ தண்ணி புகுந்தாலோ எல்லா சிஸ்டமும் ஒரே அடியா போயிடக்கூடாது, அதுக்கான விதிக்கு பழைய லேஅவுட் போதாது. அந்த மாத்தின டிசைன்ல ஒரு விமானம் பறந்தது 2020 மார்ச்ல. அதுக்குள்ள கொரோனா, அந்த அக்டோபர்ல நிறுத்தி வெச்சாங்க, 2023 பிப்ரவரி 7ல மொத்தமா மூடிட்டாங்க. விமானம் கடைசி வரைக்கும் நல்லாதான் பறந்துச்சு. விமானம் கட்டத் தெரிஞ்ச ஆளுங்க அங்க நிறையவே இருந்தாங்க, ஆனா நாட்டுல அம்பது வருஷமா யாரும் ஒரு பயணிகள் விமானத்துக்கு சான்று வாங்கின பழக்கம் இல்ல, இதை முதல் நாள்லயே கேட்டு வைக்கணும்னு சொல்ற ஆள் கம்மி. இது என் கருத்துதான், மாத்துக் கருத்து இருந்தா சொல்லுங்க.

உங்க கதையும் எழுதுங்க.

பழைய ஸ்ட்ரெஸ் ஆளு:

மாத்துக் கருத்து இல்ல ப்ரோ, ஆனா டெஸ்ட்டை ரொம்ப லேசா சொல்லிட்டீங்க. நான் ஸ்டாட்டிக் டெஸ்ட் பக்கம், அதாவது தரைல நிறுத்தி லோடு ஏத்திப் பாக்கறது. வெளில எல்லாருக்கும் தெரிஞ்சது ரெக்கை உடையற வீடியோதான். விமானம் ஆயுசுல சந்திக்கக்கூடிய அதிகபட்ச லோடு லிமிட் லோடு, அதை ஒண்ணரை மடங்கு ஏத்தி 3 செகண்ட் தாங்கணும். போயிங் 777 ரெக்கையை 1995 ஜனவரில உடையற வரைக்கும் ஏத்தினாங்க, லிமிட் லோடுல 154 சதவீதத்துல உடைஞ்சது. ஏ380 2006 பிப்ரவரில 150ஐ தொடறதுக்கு கொஞ்சம் முன்னாடியே உடைஞ்சது, அதுக்கு ரெக்கையை பலப்படுத்திக் காட்ட வேண்டியதாப் போச்சு. கொஞ்சம்தானேன்னு யாரும் விடலை.

ஆனா எங்களுக்கு தூக்கம் போறது உடையறதுல இல்ல, கன்ஃபார்மிட்டில. டெஸ்ட் பண்ற பொருள் டிராயிங்ல இருக்கிற மாதிரியேதான் செஞ்சிருக்கா, அளவு, மெட்டீரியல், ரிவிஷன் நம்பர் எல்லாம் ஒத்துப்போகுதான்னு இன்ஸ்பெக்டர் பாத்து எழுதினாதான் அது டெஸ்ட், இல்லைன்னா அது வெறும் வேடிக்கை. நான் இருந்த ஒரு ப்ராஜெக்ட்ல எல்லா ஜாக்கும் மாட்டி, ஸ்ட்ரெயின் கேஜ் ஒயர் எல்லாம் இழுத்து, வெளிநாட்டுலேர்ந்து சாட்சியா பாக்க ஆளுங்க வந்து இறங்கியாச்சு, காலைல இன்ஸ்பெக்டர் டார்ச் அடிச்சுக்கிட்டே உள்ள போனவர் ஒரு சின்ன பிராக்கெட்டை காட்டி இது ரிவிஷன் சி, உங்க டெஸ்ட் பிளான்ல ரிவிஷன் டி போட்டிருக்குன்னார். ரெண்டுக்கும் வித்தியாசம் ஓரத்துல ஒரு ரேடியஸ், லோடு பாதைலயே வராது. பத்திரத்துல சர்வே நம்பர் தப்பா இருந்தா நிலம் எங்கயும் ஓடிடாது, ஆனா பேங்க்காரன் லோன் தரமாட்டான்ல, அந்த மாதிரி நின்னுபோச்சு. மேனேஜர் கெஞ்சினார், கத்தினார், அந்த மனுஷன் டீ குடிச்சுக்கிட்டே டீவியேஷன், அதாவது பிளான்லேர்ந்து மாறினதுக்கு விளக்கம் எழுதுங்க, டிசைன் ஆபீஸ் கையெழுத்து போடட்டும், நான் படிக்கறேன்னு மட்டும்தான் சொன்னார். அப்ப எரிச்சலா இருந்தது. பிறகு யோசிச்சா, அந்த ஒரு பிராக்கெட்டை விட்டுட்டா அடுத்ததை எதை வெச்சு நிறுத்துவார்.

டிஓ-178 அடிமை:

ஸ்ட்ரெஸ் அண்ணா, உங்களுக்காவது உடையறதை கண்ணால பாக்கலாம். எங்க சாஃப்ட்வேர்ல உடைஞ்சா மேல போனப்பறம்தான் தெரியும். செயலிழந்தா விமானமே போயிடும்ங்கற ஃபங்ஷன் லெவல் ஏ, விமான சாஃப்ட்வேருக்கான தரவிதி டிஓ-178சில அதுக்கு 71 குறிக்கோள் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் காட்டணும். சிஸ்டம் லெவல்ல அந்த மாதிரி பேரழிவு நூறு கோடி பறக்கும் மணிக்கு ஒண்ணுக்கு மேல வரக்கூடாதுங்கறது கணக்கு, அதனால யாராலயும் ஓட்டிப் பாத்து நிரூபிக்க முடியாது, அனாலிசிஸ்தான் வழி.

அந்த ஆதாரத்தை சரிபாக்க எஸ்ஓஐ ஆடிட்னு நாலு கட்டம் வரும். அதுல மூணாவதுல வந்த ஒரு அம்மா நாங்க தயார் பண்ணி வெச்ச பிரசன்டேஷனை பாக்கவே இல்ல. லிஸ்ட்லேர்ந்து கண்ணை மூடி ஒரு ரெக்வயர்மெண்ட்ல விரலை வெச்சாங்க, இதுலேர்ந்து கோட் வரி காட்டுங்க, அதுலேர்ந்து டெஸ்ட் காட்டுங்க, டெஸ்ட் ரிவ்யூ பண்ணினது யாரு, எழுதினவரும் அவரும் ஒரே ஆளா, அவ்வளவுதான் கேள்வி. சாயங்காலம் வரைக்கும் இதே. சத்தம் போட்டு பேசவே இல்ல, ஆனா எங்க டீம் லீட் சட்டை நனைஞ்சிருந்தது.

அனாலிசிஸ்ல எல்லாம் தொங்கறது நீங்க வெச்ச அனுமானத்துல. 737 மேக்ஸ்ல மூக்கை தானா கீழ தள்ளற எம்கேஸ் சாஃப்ட்வேர் சமாச்சாரம் அதுதானே. முதல்ல ஒரு தடவைக்கு வால்ல இருக்கிற ஸ்டெபிலைசரை 0.6 டிகிரிதான் அசைக்கும்னு இருந்தது, ஃப்ளைட் டெஸ்ட்ல குறைஞ்ச வேகத்துக்கும் வேணும்னு 2.5 ஆக்கிட்டாங்க, அந்த மாறின நம்பர் பழைய சேஃப்டி அனாலிசிஸ் படிச்ச எல்லார் கைக்கும் போய் சேரலை. ஒரே ஒரு சென்சரை நம்பி இருந்தது, தப்பா வேலை செஞ்சா பைலட் சில செகண்ட்ல புரிஞ்சுக்கிட்டு சரி பண்ணிடுவார்னு எழுதி வெச்சிருந்தாங்க. 2017 மார்ச்ல சர்ட்டிஃபிகேட், 2018 அக்டோபர்ல லயன் ஏர் விபத்து, 2019 மார்ச்ல எத்தியோப்பியன் விபத்து, மொத்தம் 346 பேர் போயிட்டாங்க. அதுக்கப்புறம் எங்க ரிவ்யூல எல்லாம் பைலட் என்ன பண்ணுவார்ங்கற வரிக்கு மட்டும் தனியா ஆதாரம் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, முன்னாடி அந்த வரியை யாரும் நின்னு படிச்சதே கிடையாது.

ஹாம்பர்க் தமிழன்:

வணக்கம். நான் இருக்கிறது ஹாம்பர்க்கிலை, கபின் இன்டீரியர் வேலை. இஞ்சை 2006 மார்ச் 26ஆம் திகதி ஏ380க்கு நடந்த வெளியேற்றச் சோதினை பற்றி எங்கட இடத்திலை பழைய ஆக்கள் இப்பவும் கதைப்பினம், நான் வேலைக்கு வரக்கு முன்னம் நடந்தது. 853 பயணிகளும் 20 பணியாளரும், 16 வாசலிலை எட்டுத்தான் திறக்கும், எது திறக்கும் எண்டு உள்ளுக்கை இருக்கிற ஒருத்தருக்கும் தெரியாது, லைட் இல்லை, நடக்கிற வழியிலை பையும் போர்வையும் எறிஞ்சு வைச்சிருக்கும். 90 செக்கனுக்குள்ளை எல்லாரும் நிலத்திலை நிக்கவேணும். 78 செக்கனிலை முடிச்சவை. ஒருத்தருக்குக் கால் முறிஞ்சது.

ஆக்களைத் தெரிவு செய்யிறதிலையும் விதி இருக்கு, அதைத்தான் சனம் கவனிக்கிறேல்லை. குறைஞ்சது 40 வீதம் பெண்கள், 35 வீதம் 50 வயசுக்கு மேலை, குழந்தைக்குப் பதிலா மூண்டு பொம்மையைத் தூக்கிக்கொண்டு குதிக்கவேணும். எனக்கு இதிலை ஒரு மனக்குறை இருக்கு. உண்மையான விபத்திலை ஆக்கள் தங்கட பெட்டியை எடுக்காமல் வெளிக்கிடுவினமோ? சோதினைக்கு வாறவைக்குத் தெரியும் இது சோதினை எண்டு. சக்கர நாற்காலியிலை போற அம்மம்மா அந்தக் கணக்கிலை எங்கை?

ஐசிங் ஆளு:

ஹாம்பர்க் அண்ணன் கேட்டது சரியான கேள்வி. நான் ஒரு டர்போப்ராப்போட ஐசிங் டெஸ்ட், அதாவது மேகத்துல பறக்கறப்ப ஐஸ் படியறதுக்கான டெஸ்ட் டேட்டா பாத்தவன். எங்களுக்கு எதிரி விதி இல்ல, மேகம். வேணுங்கற வெப்பநிலை, வேணுங்கற ஈரம், வேணுங்கற துளி சைஸ், மூணும் ஒரே மேகத்துல கிடைக்கணும். ஹோட்டல்ல உக்காந்து வெதர் சார்ட் பாத்துக்கிட்டே சீசன் போயிடும், கிளம்பிப் போனா மேகம் கலைஞ்சிருக்கும். சீனாவோட ஏஆர்ஜே21 பயணிகள் ஜெட்டுக்கு நாட்டுக்குள்ள வருஷக்கணக்கா தேடியும் சரியா அமையாம 2014ல கனடால வின்ட்சருக்கே விமானத்தை ஓட்டிட்டு போய் கிரேட் லேக்ஸ் பக்கத்துல முடிச்சாங்க. 2008ல முதல் தடவை பறந்தது, 2014 டிசம்பர்ல சர்ட்டிஃபிகேட். போனாப் போகுதுன்னு இதை விடவும் முடியாது, 1994ல அமெரிக்கால ரோஸ்லான்ல ஏடிஆர் விமானம் விழுந்து 68 பேர் போனது பழைய விதில இல்லாத பெரிய துளி ஐஸ்லதான். அந்தத் துளி விதிக்குள்ள வர 2014 ஆச்சு.

ஏரோ ஃபைனல் இயர்:

அண்ணா எல்லாருக்கும் நன்றி. காலேஜ்ல இதெல்லாம் ஒரு வரிகூட சொல்லலை. இதுக்கு எங்க ஆரம்பிக்கறது, கோர்ஸ் ஏதாவது இருக்கா? அப்புறம் நம்ம நாட்டுல சொந்தமா ஒண்ணு பண்ணினதே இல்லையா?

பெங்களூர்வாசி:

கோர்ஸுக்கு காசு கட்டறதுக்கு முன்னாடி ஓசில கிடைக்கறதை படிப்பா. விதில இல்லாத புது டெக்னாலஜி வந்தா எஃப்ஏஏ ஸ்பெஷல் கண்டிஷன்னு தனியா போடும், எல்லாம் பொதுவுல இருக்கும். 787ல லித்தியம் அயன் பேட்டரி வெக்கறதுக்கு 2007 அக்டோபர்ல போட்டதை எடு. கூடவே 2013 ஜனவரில பாஸ்டன்ல நின்னுக்கிட்டிருந்த விமானத்துல பேட்டரி எரிஞ்சதுக்கு அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி 2014 கடைசில கொடுத்த ரிப்போர்ட்டை எடு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் படி. பேட்டரில புகை வர்றது ஒரு கோடி பறக்கும் மணிக்கு ஒண்ணுகூட இருக்காதுன்னு கணக்கு போட்டிருந்தாங்க, மொத்த 787களும் சேந்து ஒரு லட்சம் மணிகூட பறக்கறதுக்குள்ள பாஸ்டன், ஜப்பான்ல இன்னொண்ணுன்னு ரெண்டு. ஒரு செல்லுல ஷார்ட் ஆனா பக்கத்து செல்லுக்கு பரவாதுன்னு வெச்ச அனுமானம் எங்க நுழைஞ்சுதுன்னு தேடிக் கண்டுபிடி, அதுதான் உனக்கு கோர்ஸ்.

நம்ம நாட்டுக்கு வந்தா, என்ஏஎல் ஆராய்ச்சிக் கூடத்தோட ஹன்சா-3 ரெண்டு சீட் டிரெய்னருக்கு 2000ல இந்திய அதிகாரசபையான டிஜிசிஏ சர்ட்டிஃபிகேட் கிடைச்சது. பயணிகள் பக்கம் அவங்களோட சரஸ் விமானம். 2004 மே 29ல பெங்களூர்ல பறந்தது, 2009 மார்ச் 6ல பிடதி பக்கம் ரெண்டாவது ப்ரோட்டோடைப் விழுந்து விமானப்படைக்காரங்க மூணு பேர் போயிட்டாங்க, எஞ்சினை மேலயே அணைச்சு மறுபடி ஸ்டார்ட் பண்ற டெஸ்ட் அன்னிக்கு. மாத்தியமைச்ச விமானம் 2018 ஜனவரில மறுபடி பறந்தது. இப்ப பேச்சு 19 சீட் மார்க்-2 பத்தி. அதுல எந்தத் திருத்தம் வரைக்கும் பேசிஸ், அதாவது பொருந்தற விதிகள் வெச்சிருக்காங்க, வெளிநாட்டு அதிகாரசபையை ஆரம்பத்துலயே உள்ள கூப்பிட்டாங்களான்னு உள்ள இருந்தவங்க யாராவது சொல்ல முடிஞ்சதை சொல்லுங்க, ரகசியம் எதுவும் வேணாம்.