பழைய கணினித் திரையும் கலங்கிய எழுத்தும்: எங்கள் அனுபவங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். மதுரையில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன் புதுக் கணினி வாங்கியதும், பழையதையும் அதன் 17 அங்குலத் தட்டைத் திரையையும் போர்வையில் சுற்றி எங்களுக்குக் கொடுத்தனுப்பினார். படகுக்கு ஆகும் டீசல், ஐஸ், வலைச் செலவுகளை நோட்டிலிருந்து கணினிக்கு மாற்ற வேண்டும் என்று அப்பா நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததால், வந்த அன்றே அதை முன்னறையில் வைத்துவிட்டோம்.

எழுத்து பொடியாக இருக்கிறது என்று அப்பா குறைப்பட்டார். கணினி பழுதுபார்க்கும் ஒருவர் வந்து, விண்டோஸ் 7-ஐப் புதிதாக ஏற்றி, ரெசல்யூஷனை, அதாவது திரையில் காட்டும் புள்ளிகளின் கணக்கை, 800×600 என்று வைத்துவிட்டுப் போனார். எழுத்து பெரிதாகத்தான் ஆனது; ஆனால் நனைந்த தாளில் மை ஊறியதைப் போலக் கலங்கி நின்றது. மெய்யெழுத்தின் புள்ளி கீழே உள்ள கோட்டோடு ஒட்டிக்கொண்டது. ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் சுழியை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. ‘மண்ணெண்ணெய்’ என்ற ஒரு சொல்லை அப்பா கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் மூன்று முறை படித்தார்.

காரணம் பிறகுதான் விளங்கியது. அந்தத் திரையில் குறுக்கே 1280, நெடுக்கே 1024 என்று பிக்சல்கள் (ஒளிரும் நுண்கட்டங்கள்) நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. 800×600 படத்தை அதில் இழுத்து நிரப்பும்போது ஒரு புள்ளி குறுக்கே 1.6 பிக்சலையும் நெடுக்கே ஏறத்தாழ 1.7 பிக்சலையும் அடைக்க வேண்டும். அரைப் பிக்சலை எரியவைக்க முடியாதாகையால், திரை பக்கத்து நிறங்களைக் கலந்து ஒப்பேற்றுகிறது. வட்டங்கள்கூடச் சற்றே முட்டை வடிவில் தெரிந்தன. எழுத்தைப் பெரிதாக்க ரெசல்யூஷனைக் குறைப்பது, தட்டைத் திரையைப் பொறுத்தவரை, தவறான மருந்து என்பதே என் கருத்து.

சரிசெய்யப் போனால், பட்டியலில் 1280×1024 இல்லவே இல்லை. டிவைஸ் மேனேஜரில் ‘ஸ்டாண்டர்ட் விஜிஏ’ என்று இருந்தது. அதாவது படத்தைத் திரைக்கு அனுப்பும் பகுதியை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரை ஏற்றாமலே விட்டுவிட்டார்கள். அந்த மதர்போர்டுக்குரிய டிரைவரை நண்பரிடமிருந்து பென் டிரைவில் வாங்கி ஏற்றி, கணினியை மறுபடி தொடங்கியதும் அந்த அளவு வந்துவிட்டது. படம் இடப்பக்கம் ஒதுங்கி நின்றதால், திரையின் விளிம்பில் உள்ள ‘ஆட்டோ’ பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். பிறகு, டிஸ்பிளே அமைப்பில் எழுத்தளவை 125 விழுக்காடாக உயர்த்தி, எழுத்தின் விளிம்பைத் தெளிவாக்கும் ‘கிளியர்டைப்’பையும் முடுக்கிவிட்டேன். இப்போது எழுத்தும் பெரிது, சுழியும் தெளிவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கச்சான் காற்று ஓங்கி வீசிய நாள்களில் ஒரு காலை திரை முழுவதும் மஞ்சளாகிவிட்டது. திரை போய்விட்டது என்றே நினைத்தோம். கணினியையும் திரையையும் இணைக்கும் விஜிஏ கேபிளைக் கழற்றிப் பார்த்தபோது, 15 முனைகளில் ஓரிரண்டில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. நீலத்தைக் கொண்டுவருவது 3-ஆம் முனை. அது தொடர்பு விட்டால் சிவப்பும் பச்சையும் மட்டும் சேர்ந்து வெள்ளை மஞ்சளாகிவிடும். மின்சாரத்தை நிறுத்தி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, இருபுறத் திருகுகளையும் இறுக்கியதும் நிறம் திரும்பியது. உப்புக்காற்று கதவு நிலையையே தின்கிற ஊரில் திருகைத் தளர்வாக விட்டது எங்கள் பிழைதான்.

*

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். மேலே எழுதியவருடையது தட்டைத் திரை. எங்கள் வீட்டில் இருப்பதோ துபாய்க்குப் போகும்போது காக்கா (அண்ணன்) விட்டுச் சென்ற 15 அங்குலப் பெட்டித் திரை, பழைய டிவி போலப் படக்குழாய் கொண்டது. அதில் நிலையான பிக்சல் கணக்கு இல்லாததால், 800×600 வைத்தாலும் எழுத்து அவ்வளவாகக் கலங்குவதில்லை. எங்களுக்கு வந்த தொல்லை நடுக்கம். நேராகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது; ஓரக்கண்ணால் பார்த்தால் திரை படபடவென்று துடிக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்தாலே வாப்பாவுக்குத் தலைவலி வந்துவிடும்.

திரை நொடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிக்கப்படுவதுதான் காரணம் என்று காக்கா தொலைபேசியில் சொன்னார். விண்டோஸ் எக்ஸ்பியின் டிஸ்பிளே அமைப்பில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் மானிட்டர் என்ற இடத்தில் அதை மாற்றலாம். நான் ஆசைப்பட்டு, மானிட்டரால் காட்ட முடியாதவற்றை மறைக்கும் தேர்வை நீக்கிவிட்டு, 100 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 100 முறை என்பதை, அழுத்தினேன். திரை கறுத்து, ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்ற வரி மட்டும் மிதந்தது. சுவிட்சை நோக்கிக் கை போனபோது, ‘எதையும் தொடாதே, பதினைந்து வரை எண்ணு’ என்றார் காக்கா. எண்ணி முடிக்கையில் பழைய படம் தானே வந்துவிட்டது. பிறகு 75 ஹெர்ட்ஸ் வைத்தோம்; நடுக்கம் நின்றது. ஓரங்கள் சற்று வெட்டுப்பட்டிருந்ததை மானிட்டரின் பொத்தான்களாலேயே உள்ளே இழுத்துக்கொண்டோம்.