தாத்தாவோட பெர்குசன் டிராக்டர்: கார்ப் ஒழுகுது, கரும்புகை வேற

பொன்னேரிப் பேரன்:
வணக்கம். பொன்னேரி பக்கம் தாத்தா விட்டுட்டுப் போன பெர்குசன் டிஇ20 டிராக்டர், பெட்ரோல் மாடல், ஜெனித் கார்ப் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற கார்புரேட்டர்). இங்கிலாந்துல கவென்ட்ரியில 1946லேருந்து 1956 வரைக்கும் செஞ்ச அந்தச் சாம்பல் கலர் குட்டி வண்டிதான். நாலு வருஷம் மாட்டுக்கொட்டாயில நின்னுச்சு. பொங்கலுக்கு அப்பா எடுத்தார், கிளம்பிடுச்சு. ஆனா நிறுத்தினா கார்ப் அடியில சொட்டுச் சொட்டா பெட்ரோல்.

கழட்டி, ஒரு நாள் முழுக்க வெயில்ல காய வச்சு, கொளத்தூர் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இங்க ஒரு கடையில குடுத்தேன், பேர் வேண்டாம். அந்த ஆள் பல்லு குத்துற மாதிரி பிரேக் கேபிள் கம்பியை ஜெட்டுக்குள்ள, அதாவது பெட்ரோல் அளவா வர்ற அந்தப் பொடி ஓட்டைக்குள்ள, விட்டு நாலு இழு இழுத்தார். பாத்துட்டே நின்னேன், வாயைத் திறக்கலை. திரும்ப மாட்டினா ஒழுகலும் நிக்கலை, கரும்புகையும் சேர்ந்துக்கிச்சு. பிளக் அடுப்புக்கரி மாதிரி இருக்கு. ஜெட் போச்சா? கார்ப் ரிப்பேர் கிட் எங்க கிடைக்கும்?

டீசல்காரன்:
பேசாம பழைய டீசல் வண்டி ஒண்ணு வாங்கிக்கங்க. இதை வாசல்ல அழகுக்கு நிறுத்துங்க.

புதுப்பேட்டை பெருசு:
தம்பி, அந்த ஆளை அப்புறம் திட்டலாம். முதல்ல ப்ளோட்டைப் பாரு, கார்ப் கிண்ணத்துப் பெட்ரோல்ல மிதக்குற டப்பாதான். அதுக்குள்ள பெட்ரோல் இறங்கியிருந்தா கனத்துத் தாழ்ந்துடும், பெட்ரோல் வர்ற வழியை அடைக்கிற ஊசி சீட்டுல உக்காராது, கிண்ணம் வழியும். உன் வண்டியில கார்ப், இன்ஜினுக்குக் கலவை போற மேனிபோல்டு குழாய்க்குக் கீழ தொங்குது, காத்து கீழேருந்து மேல ஏறுற ரகம். அதனாலதான் வழியிறது இன்ஜினுக்குள்ள போகாம தரையில சொட்டுது. ஓடுறப்ப இன்ஜின் அதையே உறிஞ்சிக்கும், புகை கக்கும்.

தேங்காய் வாங்குறப்ப ஆட்டிப் பாப்பியே, அப்படிக் காதோரம் வச்சு ஆட்டு. சளக்குன்னா ஓட்டை இருக்கு. தண்ணியைக் கொதிக்க வை, அடுப்புகிட்ட வேண்டாம், வெளிய எடுத்துட்டு வந்து ப்ளோட்டை அதுல அமுக்கிப் பிடி. சூட்டுல உள்ள இருக்கிறது ஆவியாகி ஓட்டை வழியா குமிழியா, முட்டை முட்டையா வரும். அந்த இடத்துல ஒரு வட்டம் போட்டுக்க. முட்டை முழுசா நிக்கிற வரைக்கும், தண்ணி ஆறினா மாத்தி, திரும்பத் திரும்பப் பிடி. உள்ள பெட்ரோலை வச்சுக்கிட்டு ஓட்டையை அடைக்க ஈயம் பத்த வைக்கப் போனா வெடிக்கும். ஈயமும் ஒரு பொட்டுதான். தாராளமா வச்சா அந்தக் கனமே மறுபடி தாழ்த்திடும்.

ஊசி முனையில வளையமா தடம் விழுந்திருந்தா ஊசி, சீட்டு ரெண்டையும் ஜோடியா மாத்து.

ஜெட் பித்தளை, எஃகுக் கம்பி அதைத் தின்னுடும். அதுல எண் பொறிச்சிருக்கும், அதே எண்ல புதுசு வாங்கி ரெண்டையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. இனி அடைச்சா தின்னர்ல ஊற வச்சு பஞ்சர் கடையில காத்து அடிச்சுக்க, கம்பியே வேண்டாம்.

கிட்டுக்கு சென்னையில வண்டி உதிரி பாகம் விக்கிற ஜி.பி. ரோட்டுல கேளு. கேஸ்கட்டுக்கு மட்டும் அலைய வேண்டாம். கேஸ்கட் ஷீட் வாங்கி கார்ப் பாடி மேல வச்சு, உருண்டை மண்டைச் சுத்தியால ஓரமா மெல்லத் தட்டு, அச்சு எடுத்த மாதிரி அறுந்து வரும். சிலிக்கான் பேஸ்ட் தடவிடாதே. பெட்ரோல்ல ஊறிப் பிஞ்சு ஜெட்டுலயே போய் உக்காரும்.

அம்பத்தூர் லேத்:
பெரியவர் சொன்னதோட ஒண்ணு. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. நின்னா ஈரத்தை இழுக்கும், கிண்ணத்துல வெள்ளையா பூத்துடும். வேலை முடிஞ்சதும் டேங்க் குழாயை மூடிட்டு, தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க.

பொன்னேரிப் பேரன்:
பெரியவரே, முட்டை வந்துச்சு! ப்ளோட்டோட ஜாயின்ட் ஓரத்துல, கண்ணுக்கே தெரியாத ஓட்டை. டீ போடுற பாத்திரத்தை எடுத்துட்டேன், இனிமே அது எனக்குத்தானாம், அம்மா சொல்லிட்டாங்க. ஈயம் வச்சு ஞாயித்துக்கிழமை மாட்டினோம். ராத்திரி கீழ ஒரு அட்டையை விரிச்சு வச்சேன், காலையில காஞ்சு கெடந்துச்சு. புகை பாதி குறைஞ்சிருக்கு. மிச்சப் பாதி அந்தக் கம்பியோட கணக்குன்னு நினைக்கிறேன். ஜெட்ல எண் படிக்க முடியுது, சனிக்கிழமை ஜி.பி. ரோடு போறேன்.

டீசல்காரன் அண்ணே, உங்க யோசனையை அப்பாகிட்ட சொன்னேன். அவர் சொன்ன பதிலை இங்க எழுத முடியாது.